நீலத் திரைக்குப் பின்னால்

"அக்கா, யாருக்குக் கல்யாணம்?"

செழியன் கேட்டதில் தப்பு இல்லை. அது கல்யாண மண்டபம்தான். முதல்நாள் கட்டிய வாழைமரங்கள் வாசலில் இன்னும் நின்றன. மேடைக்கு மேலே ஒட்டியிருந்த தெர்மாகோல் எழுத்துகளில் மாப்பிள்ளையின் பெயர் உதிர்ந்துவிட்டது. பெண்ணின் பெயர் மட்டும் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"கல்யாணம் இல்லடா. நாடகம். பாட்டுப் பாடி நடிப்பாங்க," என்றாள் இனியா.

"அப்ப சாப்பாடு?"

"கிடையாது."

"பாயசம்கூடவா?"

"பாயசம்கூடக் கிடையாது. கம்முனு வா."

செழியன் நின்றுவிட்டான். பாயசம் இல்லாத மண்டபத்துக்கு எதற்கு வர வேண்டும் என்று அவனுக்கு விளங்கவில்லை. இனியா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் இளஞ்செழியன். ஒன்றாம் வகுப்பு. இனியா ஆறாம் வகுப்பு. அவர்களுடைய அப்பா இளவரசன் அந்த மண்டபத்தில் எலக்ட்ரீஷியன். அன்றைக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு குழு வந்து 'மேகக்காரி' என்ற இசை நாடகத்தை நடத்துவதாக இருந்தது. "உன் பசங்களையும் கூட்டிட்டு வா இளவரசு. வீட்ல தனியா உக்காந்து இன்னா பண்ணுதுங்க?" என்று மண்டபத்து மேனேஜர் சொல்லியிருந்தார்.

அப்பா அவர்களை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார். அவரும் கூட உட்கார்ந்து பார்த்திருப்பார். ஆனால் அந்தப் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். பாட்டுக்கு நடுவில் மைக் நின்றுவிட்டால் நாடகம் கெட்டுப்போகும். அதனால் ஆட்டம் முடியும்வரை அவர் மண்டபத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

"தம்பியப் பாத்துக்கோ. முடிஞ்சதும் இங்கயே உக்காந்திருங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

இனியா தலையாட்டினாள். இப்போதெல்லாம் அப்பா அவளிடம் அதிகமாகச் சொல்வது இதைத்தான்.

மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மாத்திரை போட்டார்கள். பிறகு ஊசி. பிறகு ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு அம்மா வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

அந்த நாட்களில் செழியன் வீட்டில் இல்லை. கீழ்பென்னாத்தூரில் சந்திரம்மாள் அத்தை வீட்டில் இருந்தான். அவனைத் திரும்பக் கூட்டிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வேங்கிக்கால் வீட்டின் முன்னறையில் பச்சைப் புடவை கட்டிய அம்மாவின் போட்டோ மாட்டியிருந்தது. அதற்குச் சந்தன மாலை போட்டு, கீழே சின்ன விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பேசினார்கள். "காலமாயிட்டாங்களாமே," என்றார் எதிர்வீட்டுக்காரர். "இந்த வயசுல தவறிட்டாளே," என்றார் பால்கார அம்மா. அப்பா எதுவுமே சொல்லவில்லை. செழியனை மடியில் உட்கார வைத்துச் சொன்னது அத்தைதான்.

"அம்மா சாமிகிட்ட போயிருக்குடா கண்ணு."

"சரி," என்றான் செழியன். "பிஸ்கட் குடு."

அவன் அழவே இல்லை. சின்னப் பிள்ளை, போகப் போகத் தானாகத் தெரிந்துகொள்வான் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

ஒன்று மட்டும்தான் அவனிடம் புதிது. பௌர்ணமி வந்தால் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். அந்த ஊரில் மலையே சாமி; அன்றைக்கு அதைச் சுற்றிக் கிரிவலம் போக வந்தவர்கள் அவர்கள் வீட்டு வழியாகத்தான் வேலூர் ரோட்டுப் பஸ்களுக்குத் திரும்பிப் போவார்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் அவன் வரமாட்டான். "இன்னாடா பாக்கற?" என்று கேட்டால், "பஸ் பாக்கறேன்," என்பான்.

மண்டபத்தில் விளக்குகள் அணைந்தன. தவிலும் கிதாரும் ஒன்றாகக் கேட்டன. மேடையை மறைத்திருந்த நீலத் திரை பாதி விலகி, வளையம் சிக்கி நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்து இழுத்தது. கூட்டம் சிரித்தது.

"அந்தக் கை நம்ம அப்பாவுதா?" என்று கேட்டான் செழியன்.

"இல்லடா. பேசாம பாரு."

கதை மழை இல்லாத ஓர் ஊரைப் பற்றியது. ஊர்க்காரர்கள் வெறும் குடங்களைத் தட்டிக்கொண்டே ஆடினார்கள்.

*கெணத்துக்குள்ள நெலாவும் இல்ல,*
*கொடத்துக்குள்ள தண்ணியும் இல்ல,*
*மேகக்காரி மேகக்காரி,*
*எங்க ஊருக்கு வழி தெரியலையா?*

பாட்டு சுலபமாக இருந்தது. இரண்டாவது முறை பாடும்போதே செழியன் சேர்ந்து பாடினான். மூன்றாவது முறை எழுந்து நாற்காலி மேல் ஏறி நின்று பாடினான்.

பின்வரிசையில் ஒரு பெரியம்மா மடியில் அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வைத்துக்கொண்டு உரித்துத் தின்றுகொண்டிருந்தார். "டேய், நாடகத்தைப் பாக்க வந்தேனா, உன் முதுகைப் பாக்க வந்தேனா?" என்றார்.

இனியா அவனை இழுத்து உட்கார வைத்தாள். "மன்னிச்சுக்கோங்க பெரிம்மா. என் தம்பிதான்."

"வாயி ஜாஸ்தியா இருக்குது உன் தம்பிக்கு. இந்தா, இதைக் குடு. தின்ற நேரமாவது சும்மா இருப்பான்," என்று ஒரு கை மல்லாட்டையை அள்ளி நீட்டினார் பெரியம்மா.

மேடையில் சிட்டு என்று ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய அம்மா ஊருக்காக மழை கேட்கப் புறப்பட்டாள். மலை உச்சிக்கு மேலே மேகராஜா இருக்கிறார். அவரிடம்தான் கேட்க வேண்டும். மேகராஜாவின் பஞ்சுத் தாடி பேசும்போதெல்லாம் நழுவியது. அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மிரட்டினார்.

"மழை வேண்டுமென்றால் ஒருவர் மேகமாக மாற வேண்டும். மாறினால் திரும்ப முடியாது. சம்மதமா?"

சிட்டின் அம்மா தன் ஊரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சம்மதம்," என்றாள்.

செழியன் இனியாவின் காதருகே வந்தான். அவன் மூச்சில் மல்லாட்டை வாசனை அடித்தது.

"அக்கா, நம்ம அம்மா மாதிரியே."

இனியா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "இன்னாடா?"

"மலைக்குப் போறாங்க இல்ல? சாமிகிட்ட."

அவள் பதில் சொல்வதற்குள் மேடை இருண்டது. வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் சிட்டின் அம்மாவுடைய நிழல் ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. உச்சிக்குப் போனதும் நிழல் மறைந்துவிட்டது. தகரத்தை உலுக்கி இடி இடிக்க வைத்தார்கள். யாரோ இருட்டில் வரிசைக்கு நடுவே ஓடிவந்து எல்லார் தலையிலும் தண்ணீர் தெளித்தார்கள்.

"இன்னாடி இது, மழை பன்னீர் வாசனை அடிக்குது!" என்றார் பெரியம்மா. மண்டபத்துப் பன்னீர்ச் சொம்பைத்தான் கடன் வாங்கியிருந்தார்கள்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்தபோது சிட்டு மட்டும் மேடையில் தனியாக நின்றாள். தவில் இல்லை, கிதார் இல்லை. வெறும் குரலில் பாடினாள்.

*கூரை மேல சத்தம் கேட்டா*
*கதவைத் தொறந்து வெப்பேன்மா,*
*உள்ள வந்து நனைச்சுப் போனா*
*ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்மா.*

இனியா சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் தம்பி இருந்தான். அவன் பார்க்க அழக் கூடாது. பின்னால் பெரியம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சிட்டு ஏன் அழுவுது?" என்றான் செழியன். "அவங்க அம்மாதான் வந்துடுவாங்களே."

இனியா இருட்டில் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கொஞ்சமும் கவலைப்படவில்லை. மேடையையே பார்த்தபடி காத்திருந்தான்.

நாடகம் முடிந்தது. விளக்குகள் எரிந்தன. நடித்தவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து வணங்கினார்கள். ஊர்க்காரர்கள் வந்தார்கள். தாடியைப் பிடித்துக்கொண்டு மேகராஜா வந்தார். கடைசியாகச் சிட்டு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, அவளுடைய அம்மா வந்தாள்.

மண்டபமே கைதட்டியது. செழியன் மறுபடியும் நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

"வந்துடுச்சு! நான் சொன்னேன் இல்ல? சிட்டோட அம்மா வந்துடுச்சு!"

"செழியா, அது வந்து..."

"அப்ப நம்ம அம்மாவும் வந்திருக்கும்!"

குதித்தான். இனியா பிடிப்பதற்குள் எழுந்து நின்ற கால்களுக்கு நடுவே புகுந்து ஓடிவிட்டான்.

அவளும் ஓடினாள். "தள்ளிக்கோங்க, கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைப் படி ஏறினாள். நீலத் திரைக்குப் பின்னால் ஒரே களேபரமாக இருந்தது. ஒருவர் தவிலுக்கு உறை போட்டார். ஒருவர் குடங்களை அடுக்கினார். ஏணி ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அதன் பக்கத்தில் சிட்டின் அம்மாவாக நடித்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். செழியன் அவர் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"நீங்க எப்படித் திரும்பி வந்தீங்க?"

அவர் சிரித்தார். "நான் எங்கயும் போகவே இல்லையே கண்ணா. தோ, இந்த ஏணி மேலதான் உக்காந்திருந்தேன்."

செழியன் ஏணியின் உச்சிவரை பார்த்தான். யாரும் இல்லை. ஏணிக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். அங்கே தகரமும் ஒரு ஜோடி செருப்பும்தான் இருந்தன.

"செழியா, வாடா. போலாம்," என்றாள் இனியா.

அவன் வரவில்லை. மணமகள் அறைக்குள் எட்டிப் பார்த்தான். பக்கத்தில் மணமகன் அறை. அங்கே மேகராஜா தாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தார்.

"எங்க அம்மாவப் பாத்தீங்களா?"

மேகராஜா வடையைக் கீழே வைத்தார். கூட்டத்தில் தொலைந்த பிள்ளை என்று நினைத்துவிட்டார். "அழாத ராஜா, இங்கதான் இருப்பாங்க. இன்னா புடவை கட்டியிருந்தாங்க?"

"பச்சைப் புடவை. நான் ஒண்ணும் அழல."

"நீங்க ரெண்டு பேருமா? அம்மாவைக் காணோமா பாப்பா?" என்று இனியாவிடம் கேட்டார்.

"இல்லைங்க. எங்க அம்மா..."

அதற்கு மேல் இனியாவுக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான். அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை.

"மைக்ல சொல்லுங்க!" என்றான் செழியன். "தீபத் திருவிழாக் கூட்டத்துல சொல்லுவாங்களே, அந்த மாதிரி. மைக்ல பேரு சொன்னா வந்துடுவாங்க. எங்க அம்மா பேரு கீதாஞ்சலி."

"அவ்ளோதானே? இருங்க," என்று மேகராஜா எழுந்தார். பெரிய மனிதர், நல்ல மனிதர். தடதடவென்று மேடைக்குப் போய் மைக்கை எடுத்துவிட்டார்.

"ஒரு முக்கிய அறிவிப்பு. கீதாஞ்சலி அவர்கள்... கீதாஞ்சலி அவர்கள், எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும். உங்கள் பிள்ளைகள் இங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்."

அம்மாவின் பெயர் மண்டபம் முழுக்கக் கேட்டது. வெளியே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் போய் ரோட்டிலும் கேட்டது.

செருப்பு தேடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாவம், யாரோ புள்ளைங்கள வுட்டுட்டுப் போயிட்டா," என்றார் மல்லாட்டைப் பெரியம்மா. செழியன் மேடை விளிம்பில் நின்று மண்டப வாசலையே பார்த்தான். ஒவ்வொரு பச்சைப் புடவைக்கும் அவன் குதிகால் உயர்ந்தது. ஒவ்வொருவரும் வாசலைத் தாண்டி வெளியே போனார்கள்.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. ஜெனரேட்டரை அப்படியே விட்டுவிட்டு, கையெல்லாம் கறுப்பு எண்ணெயோடு ஒருவர் ஓடிவந்தார்.

கீதாஞ்சலி என்ற பெயருக்கு வந்தது அப்பாதான்.

கதவோரம் நின்றுவிட்டார். மேடையில் செழியன் நிற்பதைப் பார்த்தார். மேகராஜா கையில் மைக் இருப்பதைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது இனியாவுக்குத் தெரிந்தது. ஆனால் அவர் கால் நகரவில்லை.

மேகராஜா தொண்டையைச் செருமினார். "மீண்டும் ஒருமுறை அறிவிக்கிறோம். கீதாஞ்சலி அவர்கள்..."

இனியா ஓடிப்போய் மைக்கை இரண்டு கையாலும் பொத்தினாள். ஸ்பீக்கர் 'டொம்' என்றது.

"வேணாம்ங்க. கூப்பிடாதீங்க. எங்க அம்மா செத்துப்போயிட்டாங்க."

சொல்லிவிட்டாள். மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. மேகராஜாவின் முகம் மாறிவிட்டது. "ஐயோ பாப்பா... எனக்குத் தெரியாதும்மா," என்றார். மைக்கைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

பக்கத்தில் நின்றவர்களில் செழியனும் ஒருவன்.

"யாரு செத்துப்போனது?" என்றான்.

இனியா அவனை மேடை விளிம்பில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருடைய கால்களும் தொங்கின.

"நம்ம அம்மா."

"இல்ல. அம்மா சாமிகிட்ட போயிருக்கு. அத்தை சொல்லுச்சு."

"செத்துப்போறதைத்தான் பெரியவங்க அப்படிச் சொல்லுவாங்க."

"பொய் சொல்ற. பக்கத்து வீட்டு அண்ணன் பௌர்ணமிக்குச் சாமிகிட்ட போச்சு. காலையில வந்துடுச்சு. விபூதிகூடக் குடுத்துச்சு." அவன் குரல் உயர்ந்தது. "அம்மா மலை சுத்தப் போயிருக்கு. மலை பெருசு. கூட்டம் ஜாஸ்தி. அதான் லேட்டாவுது. கூட்டத்துல வீடு தெரியாம தாண்டிப் போயிடப் போவுதுன்னுதான் நான் கேட்ல நின்னு பாக்கறேன்."

பஸ் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பசியோடு, கேட்டைப் பிடித்தபடி அவன் நின்ற நிலை இனியாவின் கண்முன் வந்தது. வீட்டில் எல்லாரும் அவனைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தார்கள். அவளும்தான்.

அத்தை சொன்னதை அவன் அப்படியேதான் நம்பியிருக்கிறான். இந்த ஊரில் சாமிகிட்டப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடுகிறார்களே.

"செழியா," என்றாள். "அந்தச் சிட்டோட அம்மா இன்னா சொன்னாங்க?"

"ஏணி மேல உக்காந்திருந்தேன்னாங்க."

"அவங்க எங்கயும் போகல. போன மாதிரி நடிச்சாங்க. அதான் கீழ இறங்கி வந்துட்டாங்க. நம்ம அம்மா நடிக்கல. நெஜமாவே காய்ச்சல் வந்து செத்துப்போச்சு. நீ அத்தை வீட்ல இருந்தே. அதான் உனக்குத் தெரியல."

"இனிமே வராதா?"

"வராது."

"பௌர்ணமிக்கு?"

"வராதுடா."

"தீபத்துக்குக்கூடவா?"

இனியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தீபத்துக்கு ஊர் முழுக்க விருந்தாளி வருவார்கள். வராத சொந்தமெல்லாம் வரும். எதிர்வீட்டு மொட்டைமாடியில்கூட ஆட்கள் படுத்திருப்பார்கள்.

"தீபத்துக்குக்கூட வராது," என்றாள்.

செழியன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் உதடு கோணியது. மழைக்காலத்திலிருந்து அழாமல் இருந்தவன், அம்மா, அம்மா என்று வாய்விட்டு அழுதான். அந்தப் பெரிய மண்டபத்தில் அவன் அழுகை எதிரொலித்தது. தவிலுக்கு உறை போட்டவர் போட்டபடியே நின்றார். குடங்களை அடுக்கியவர் அடுக்குவதை நிறுத்திவிட்டார்.

இனியா அவனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். 'அழாதே' என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

அப்பா வந்தார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வந்தார். எண்ணெய்க் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே அவர்கள் முன்னால் நின்றார்.

செழியன் மூக்கு ஒழுக நிமிர்ந்து பார்த்தான். "அப்பா, அக்கா சொல்றது நெஜமா? அம்மா செத்துப்போச்சா?"

அப்பா இனியாவைப் பார்த்தார். திட்டுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் திட்டவில்லை. செழியனின் மூக்கைத் தன் சட்டை ஓரத்தால் துடைத்துவிட்டார்.

"ஆமாம்டா," என்றார். "அம்மா செத்துப்போச்சு. நான்தான் உன்கிட்டச் சொல்லியிருக்கணும். எனக்குச் சொல்ல வரல."

மேடைமேல் ஏறி அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். செழியன் அவர் மடியில் ஏறிக்கொண்டான். கறுப்பு எண்ணெய் அவன் சட்டையில் ஒட்டியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"எப்படிச் செத்துப்போச்சு?" என்று தேம்பிக்கொண்டே கேட்டான் செழியன். "வலிச்சுதா? என்னைக் கேட்டுச்சா?"

இனியாவும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்விகள் அவளிடமும் இருந்தன. அவளை ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே நடந்தது அவளுக்கும் தெரியாது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இத்தனை நாள் விட்டுவிட்டாள். இப்போது அவளுக்கும் அழுகை வந்தது. காலரைக் கடிக்காமல் அழுதாள்.

மண்டபம் காலியாகிவிட்டது. வாசல் பக்கமிருந்து மேனேஜரின் குரல் கேட்டது.

"இளவரசு! ஆட்டம் முடிஞ்சிடுச்சு இல்ல? லைட்டையெல்லாம் அணைச்சிடலாமா?"

"இருங்க சார். கொஞ்ச நேரம் ஆகும்," என்றார் அப்பா.

இனியா நகர்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அன்னைக்குக் காலையில எழுந்திரிக்கும்போதே அம்மாவுக்கு உடம்பு சூடா இருந்துச்சு," என்று அப்பா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.